பூட்டிய ஆலை விடுமுறை ஆகாது: பட்டாசுத் தொழிலாளரும் ஊதியத்துடன் கூடிய விடுப்பும்

தீபாவளியோடு சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளின் வாயிற்கதவுகள் பூட்டப்படுகின்றன. ஏறத்தாழ ஒரு மாத காலம் அவை திறப்பதில்லை. சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் பகுதிக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் ஆட்களை ஏற்றிச் செல்லும் ஆலை வேன்களும் நின்றுவிடுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, ஆண்டு முழுவதும் உழைத்த மக்கள் ஓய்வெடுக்கும் காலமாக இது தோன்றும்.

அப்படியொரு மாதத்தில் ஒரு குடியிருப்பில் சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினோம். ஆலைச் சட்டம், விபத்து இழப்பீடு பற்றியெல்லாம் பேசி முடித்த பிறகு, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அண்ணா, காலேஜ்ல வருசா வருசம் டூர் போறாங்க. நான் அந்த நேரத்துல காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்ல இருந்துக்கிறேன். இதை எப்படிச் சமாளிக்கிறது?” பக்கத்தில் அமர்ந்திருந்த அவருடைய அம்மா, இருபது ஆண்டுகளாகத் திரி வேலை செய்பவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: “நமக்கு லீவுக்கு என்னம்மா குறை? மழை பேஞ்சா லீவு, எங்கயாவது வெடிச்சா லீவு, தீபாவளி முடிஞ்சா லீவு. கூலிதான் இல்ல.”

அன்று அந்த மாணவிக்கு முழுமையாகப் பதில் சொல்ல நேரம் இருக்கவில்லை. இக்கட்டுரை அந்தப் பதில். சுற்றுலா செல்ல வசதியில்லாத குடும்பம் எப்படிச் சமாளிப்பது என்ற கேள்விக்குச் சேமிப்பைப் பற்றிய அறிவுரைகள் நிறையக் கிடைக்கும். ஆனால் பட்டாசுத் தொழிலாளர் குடும்பத்தைப் பொறுத்தவரை, விடுமுறைக்கான பணம் சட்டப்படி ஏற்கெனவே அவர்களுக்குச் சேர வேண்டியதாக இருக்கிறது. அது அவர்கள் கைக்கு வருவதில்லை என்பதே சிக்கல்.

இன்று எப்படிச் சமாளிக்கிறார்கள்?

நம் மக்கள் ஊர் சுற்றாதவர்கள் அல்லர். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு இருபது குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடிக்கின்றன. திருச்செந்தூரில் மொட்டை, குலதெய்வக் கோயிலில் காதுகுத்து, பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர்ப் பொருட்காட்சி, சாரல் காலத்தில் காலையில் போய் இரவில் திரும்பும் குற்றாலப் பயணம் எனப் பலவும் உண்டு. செலவை எல்லாரும் பகிர்ந்துகொள்கிறார்கள். சோறு கட்டிக்கொண்டு போகிறார்கள். சிலர் இதற்காகவே மாதச் சீட்டுப் போடுகிறார்கள். இந்தக் கூட்டு வாழ்வை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ஆனால் இவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. பெரும்பாலான பயணங்களுக்கு நேர்த்திக்கடன் என்ற காரணம் தேவைப்படுகிறது. வெறுமனே களைத்துப்போனதால் இரண்டு நாள் வெளியூர் போய் வந்தேன் என்று சொல்லும் துணிவு ஒரு கூலிப் பெண்ணுக்கு வாய்ப்பதில்லை. ஓய்வு என்பது தெய்வத்தின் பெயரால் மட்டுமே மன்னிக்கப்படும் செலவாக இருக்கிறது. பயணத்திற்கு முந்தைய இரவு முழுவதும் அடுப்படியில் நிற்பவரும் அவரே.

கூலியில்லாத நாட்கள்

விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் உள்ளன. அவற்றின் வேலையாட்களில் பெரும்பகுதியினர் பட்டியல் சாதியினரும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருமான நிலமற்ற, வானம் பார்த்த பூமியின் மக்கள். பெண்களின் பங்கு பெரிது. குழாய் உருட்டுதல், திரி செருகுதல், சரம் பின்னுதல், பெட்டியில் அடைத்தல் என்று பெரும்பாலான வேலைகளுக்குச் செய்த எண்ணிக்கைக்கு ஏற்பவே கூலி. எனவே கை நின்றால் கூலி நிற்கும்.

கை நிற்பதற்கான காரணங்களில் தொழிலாளியின் கட்டுப்பாட்டில் இருப்பது எதுவுமில்லை. வடகிழக்குப் பருவமழையில் சரக்குக் காயாது, வேலை நிற்கும். ஓர் ஆலையில் வெடிவிபத்து நேர்ந்தால் அதிகாரிகளின் ஆய்வு தொடங்கும். ஆய்வுக்கு அஞ்சிச் சுற்றியுள்ள ஆலைகள் தாமே பூட்டிக்கொள்வதும் உண்டு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தபோது, அந்த நவம்பரில் ஆலைகள் மூடப்பட்டு அடுத்த ஆண்டில்தான் திறந்தன. காற்று மாசைக் குறைக்கும் நோக்கத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மாதங்களின் சுமையை உரிமையாளரைவிடவும் அரசைவிடவும் அதிகமாகத் தாங்கியது கூலிக் குடும்பங்களே.

இந்த இடைவெளியை நிரப்புவது முன்பணம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ திருமணத்துக்கோ ஆலையிடம் அல்லது ஒப்பந்தக்காரரிடம் வாங்கிய தொகை, ஆண்டு முழுவதும் கூலியில் கழிக்கப்படுகிறது. முன்பணம் வாங்கியவர் விடுப்புக் கேட்கும்போது அது சலுகை கேட்பதாகவே பார்க்கப்படுகிறது. அவரும் அப்படியே உணர்கிறார். முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு ஆலைக்குச் செல்ல விடாமல் தடுப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டத்தின் எல்லைக்குள் வரக்கூடும் என்பதைச் செயற்பாட்டாளர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஓய்வும் சாதியும்

சாதிக் கிராமத்தில் திருவிழா என்பது எல்லாருக்கும் விடுமுறையாக இருந்ததில்லை. ஊர் கொண்டாடும் நாளில் பறையடிக்கவும், பந்தல் போடவும், எச்சில் இலை எடுக்கவும், தெருக் கூட்டவும் சேரிக்கு அழைப்பு வரும். பிறருடைய ஓய்வு நாள் நம் முன்னோருக்குக் கூடுதல் வேலை நாளாக இருந்தது. நாடு முழுவதும் கொண்டாடும் தீபாவளிக்காக ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குச் சென்று, அந்தத் தீபாவளி முடிந்ததும் கூலியின்றி வீட்டில் அமரும் பட்டாசுத் தொழிலாளியின் நிலை அந்த வரலாற்றின் தொடர்ச்சியே.

இதை அண்ணல் அம்பேத்கர் தெளிவாக உணர்ந்திருந்தார். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்பதை ஆராயும் தம் 1945ஆம் ஆண்டு நூலில் அவர் ஓய்வைப் பற்றி விரிவாக வாதிடுகிறார். விலங்கு வாழ்விலிருந்து மனித வாழ்வைப் பிரிப்பது பண்பாடு. உடலின் தேவைகளுக்காகவே நாள் முழுவதும் உழைக்க வேண்டியிருக்கும் மனிதனுக்குப் பண்பாட்டு வாழ்வு வாய்க்காது. ஆகவே ஓய்வு எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். எளிமையின் பெயரால் ஏழைகளுக்கு உழைப்பை மட்டும் போதிப்பதை அவர் ஏற்கவில்லை.

அவர் இதை எழுத்தோடு நிறுத்தவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, தொழிற்சாலைச் சட்டத்தில் ஊதியத்துடன் கூடிய விடுமுறையைச் சேர்க்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். அது 1945இல் சட்டமானது. பன்னிரண்டு மாதப் பணியை முடித்த வயது வந்த தொழிலாளிக்குப் பத்து நாள் விடுமுறை, ஊதியத்துடன். பிரான்சில் தொழிலாளர்கள் 1936ஆம் ஆண்டு வேலைநிறுத்தங்களின் வழியாக இரண்டு வாரச் சம்பள விடுமுறையைப் பெற்று, ஒன்பது ஆண்டுகளே கடந்திருந்தன. இந்தியத் தொழிற்சாலைகளில் இந்த உரிமைக்கு அடித்தளமிட்டவர் அம்பேத்கர் என்பதை நம் மேடைகளில் போதிய அளவு சொல்வதில்லை.

அரசமைப்பின் 43ஆவது கூறும் இதே திசையில் பேசுகிறது. தொழிலாளர் அனைவருக்கும் வாழ்வூதியத்தோடு, ஓய்வை முழுமையாகத் துய்க்கும் வாய்ப்பையும் சமூக, பண்பாட்டு வாய்ப்புகளையும் உறுதிசெய்ய அரசு முயல வேண்டும் என்கிறது அது. நீதிமன்றத்தில் நேரடியாகச் செயல்படுத்தக் கூடிய கூறு அல்ல என்றாலும், சட்டங்களுக்குப் பொருள் காணும்போது நாம் அதைச் சுட்டலாம். 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைகள் சாற்றுரையின் 24ஆவது பிரிவு, காலமுறையில் சம்பளத்துடன் விடுமுறை பெறுவதை மனித உரிமை என்றே அறிவிக்கிறது.

சட்டம் தருவது என்ன?

மூன்று வகை நாட்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வார விடுமுறை. தொழிற்சாலைச் சட்டம், 1948, வாரத்தில் ஒரு நாள் ஓய்வைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்த நாளுக்குக் கூலி தர வேண்டும் என்று அது கூறவில்லை.

இரண்டாவது, தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள். இதற்கான 1958ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும் ஐந்து பண்டிகை நாட்களும், ஆக ஒன்பது நாட்கள், தகுதியுள்ள தொழிலாளிக்கு ஊதியத்துடன் வழங்கப்பட வேண்டும்.

மூன்றாவது, ஆண்டு விடுப்பு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 79ஆவது பிரிவின்படி, ஓராண்டில் 240 நாட்கள் வேலை செய்தவருக்கு ஒவ்வொரு 20 வேலை நாளுக்கும் ஒரு நாள் விடுப்பு உண்டு. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் இது பொருந்தாது என்று ஆலைத் தரப்பில் சொல்லப்படுவதுண்டு. அது தவறு. விடுப்புக்கு முந்தைய மாதத்தில் வேலை செய்த நாட்களின் சராசரி வருமானத்தை நாட்கூலியாகக் கொள்ள வேண்டும் என்று 80ஆவது பிரிவே வழி சொல்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்பின் 32ஆவது பிரிவு, தகுதி நாட்களை 240இலிருந்து 180ஆகக் குறைக்கிறது. இத்தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்ப்பதற்கு வலுவான காரணங்கள் உள்ளன. எனினும் இந்த ஒரு மாற்றம் மழையாலும் மூடல்களாலும் வேலை நாட்களை இழக்கும் நம் மக்களுக்கு நேரடியாகப் பயன்படும். ஆண்டில் 220 நாட்கள் உழைத்தவருக்குப் பழைய சட்டத்தில் ஒரு நாள்கூட விடுப்பில்லை. இப்போது 11 நாட்கள் உண்டு. மேலும், எடுக்காத விடுப்பை நாட்காட்டி ஆண்டின் முடிவில் கேட்டுப் பணமாகப் பெறவும் அதே பிரிவு இடமளிக்கிறது. வேலையிலிருந்து நீக்கப்பட்டாலோ, தாமே விலகினாலோ, இறந்துவிட்டாலோ சேர்ந்த விடுப்புக்கான ஊதியம் தரப்பட வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது. புதிய தொகுப்பிலும் இருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஆண்டில் 260 நாட்கள் வேலை செய்கிறார். அவருக்கு விடுப்பு 13 நாட்கள். பண்டிகை மற்றும் தேசிய விடுமுறை 9 நாட்கள். மொத்தம் 22 நாட்கள். அவருடைய சராசரி நாட்கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உழைக்காத நாட்களுக்கு அவருக்குச் சேர வேண்டியது 11,000 ரூபாய். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீட்டில் அது 22,000 ரூபாய். ஒரு குடும்பம் கன்னியாகுமரிக்கோ கொடைக்கானலுக்கோ போய் இரண்டு நாள் தங்கி வரவும், மகளைக் கல்லூரிச் சுற்றுலாவுக்கு அனுப்பவும் அந்தத் தொகை போதும்.

வேலை தர முடியாமல் ஆலை நிற்கும் நாட்களுக்கும் ஒரு வழி உண்டு. மூலப்பொருள் இல்லாமை, சரக்குத் தேக்கம், இயற்கைப் பேரிடர் போன்ற காரணங்களால் வேலை மறுக்கப்படும்போது, 50 பேருக்குக் குறையாத ஆலைகளில், ஓராண்டுத் தொடர்பணி முடித்தவருக்குப் பாதி ஊதியம் இழப்பீடாக உண்டு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இவ்விதி புதிய தொழிலுறவுத் தொகுப்பிலும் தொடர்கிறது. பருவகாலத் தொழிலுக்கு விலக்கு உண்டு. ஆனால் ஆண்டில் பத்து மாதங்களுக்கு மேல் இயங்கும் ஆலையைப் பருவகாலத் தொழில் என்று அழைப்பது எளிதன்று. தீபாவளிக்குப் பிந்தைய மூடல் இதற்குள் வருமா என்பதை, ஒவ்வோர் ஆலையும் சொல்லும் காரணத்தைப் பார்த்தே வாதிட வேண்டும்.

உரிமை எங்கே தொலைகிறது?

முதலில், பதிவேட்டில். நாள்தோறும் வேலைக்குச் சென்றவரின் பெயர் வருகைப் பதிவேட்டில் மாதத்துக்குப் பத்துப் பதினைந்து நாட்களே இருக்கும். சிலருடைய பெயர் இருக்கவே இருக்காது. தகுதி நாட்கள் அங்கேயே காணாமல் போகின்றன.

இரண்டாவது, உள்குத்தகையில். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று எந்த உரிமம் பெற்ற ஆலையாக இருந்தாலும், அறை அறையாகப் பிறருக்குக் குத்தகைக்கு விடுவது சட்டவிரோதம். அப்படி விடப்பட்ட அறையில் வேலை செய்பவருக்கு முதலாளி யார் என்பதே தெரியாது. ஆனால் ஒப்பந்தக்காரர் தராத ஊதியத்துக்கு நிறுவனத்தின் உரிமையாளரே பொறுப்பு என்கிறது ஊதியத் தொகுப்பு.

மூன்றாவது, போனசில். தீபாவளிக்குத் தரும் மொத்தத் தொகையில் எல்லாம் அடக்கம் என்று சொல்லி வெற்றுச் சீட்டில் கையொப்பம் வாங்கப்படுகிறது. போனஸ் வேறு, விடுப்பூதியம் வேறு. ஒன்றைக் கொடுத்தால் மற்றொன்று தீராது.

இதைச் சுற்றுலாச் செலவு பற்றிய சிறிய சிக்கலாக எண்ணிவிடக் கூடாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. அப்போது தீபாவளிக்கு இரண்டு மாதங்கள் இருந்தன. வேலை உச்சத்தில் இருக்கும் காலம் அது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு இழப்பீட்டு வழக்கில் முதலில் எழும் கேள்வி, இறந்தவர் அந்த ஆலையின் தொழிலாளி என்பதற்கு என்ன சான்று என்பதே. விடுப்புக்கு அடிப்படையான அதே வருகைப் பதிவேடுதான் அதற்கும் சான்று. விடுப்பைக் கேட்டுப் பெறும் தொழிலாளி, தம் பெயரையும் பதிவேட்டில் ஏற்றுகிறார். ஓய்வில்லாமல், எண்ணிக்கையைக் கூட்டும் அவசரத்தில், வெடிமருந்தின் அருகில் இயங்கும் களைத்த கையைப் பற்றி நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

வேலைக்குச் சென்ற ஒவ்வொரு நாளையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: தேதி, ஆலை, செய்த வேலை, எண்ணிக்கை, பெற்ற கூலி. வேனில் உடன் வந்தவர்களின் பெயர்களும் இருக்கட்டும். வங்கி வரவு, தொழிலாளர் ஈட்டுறுதி அட்டை, வருங்கால வைப்புநிதிப் பதிவு ஆகியவற்றின் நகல்களைச் சேர்த்து வையுங்கள். புதிய தொகுப்புகளின்படி பணி நியமனக் கடிதமும் ஊதியச் சீட்டும் கேட்டுப் பெறும் உரிமை உண்டு.

தனியாகக் கேட்பவரை அடுத்த நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே ஓர் அறையில், ஒரு வேனில் வருபவர்கள் சேர்ந்து, விடுப்பூதியக் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். தராவிட்டால் ஊதியத் தொகுப்பின் 45ஆவது பிரிவின் கீழ், தொகை சேர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் உரிய அதிகாரியிடம் மனுச் செய்யலாம். பதிவுபெற்ற தொழிற்சங்கமும் மனுச் செய்யலாம் என்பதால் தனி ஒருவர் முன்னே நிற்க வேண்டியதில்லை. பணம் கொடுத்துவிட்டோம் என்று மெய்ப்பிக்கும் சுமை முதலாளியுடையது என்று அதே தொகுப்பின் 59ஆவது பிரிவு கூறுகிறது. மாற்றக் காலத்தில் அதிகாரிகளின் பதவிப் பெயர்கள் மாறலாம், கோரிக்கை மாறாது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு ஒரு நகலை அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஆலைக்குச் செல்பவரின் நாட்கணக்கை எழுதித் தருவது உங்களால் இயலும். ஒரு தெருவில் பத்து நோட்டுகள் இருந்தால், அது வழக்குக்குப் போதுமான சான்றாகத் தொடங்கும். உங்கள் கல்லூரிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியவில்லை என்றால் காய்ச்சல் என்று சொல்லாதீர்கள். கட்டணத்தைக் குறைக்கவும் தவணையில் வாங்கவும் துறைத் தலைவரிடம் சேர்ந்து கேளுங்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் அல்லர்.

அந்த மாணவி இப்போது தன் அம்மாவின் நாட்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவருகிறார். ஆலை திறந்த நாளிலிருந்து ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அம்மாவின் கையொப்பம். சென்ற முறை பார்த்தபோது கடைசிப் பக்கத்தைக் காட்டினார். டிசம்பர் 31 என்று எழுதி வட்டமிட்டிருந்தார். அதன் கீழே, அம்மாவும் உடன் வேலை செய்யும் ஆறு பெண்களும் அன்று கொடுக்க இருக்கும் விடுப்பூதியக் கோரிக்கையின் வரைவு இருந்தது.